இறங்கும் வழிக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள்

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நம் மலைகளுக்குப் பொறுப்பான வனத்துறை, தொல்லியல் துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நம் மாவட்டத்துப் பாறை மலைகளில் ஏறுவதற்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. உச்சி கண்ணெதிரே தெரிகிறது, அதைப் பார்த்து நடந்தால் போதும். சிக்கல் எல்லாம் இறங்கும்போதுதான். அதற்காகத்தான் இந்த மடல்.

ராயக்கோட்டை மலையாகட்டும், கிருஷ்ணகிரி நகரத்தை ஒட்டி நிற்கும் சையத் பாஷா மலையாகட்டும், சூளகிரிப் பக்கத்துக் குன்றுகளாகட்டும், பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். பூமிக்கு அடியில் அழுத்தத்தில் கிடந்த பாறை, மேலே இருந்த மண்ணும் கல்லும் அரித்துப் போன பிறகு விரிந்து, வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிந்ததால் வந்த உருண்டை வடிவம் இது. உச்சியில் கிட்டத்தட்ட சமதளம். கீழே போகப் போகச் சரிவு கூடிக்கொண்டே போகும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு முழுப் பாறையும் தெரியும். மேலிருந்து இறங்குபவருக்குக் கொஞ்ச தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. பாறை வளைந்து மறைந்துவிடும், அதற்கப்புறம் ஊரும் வயலும்தான் கண்ணில் படும். அந்த வளைவுக்குக் கீழே படி இருக்கிறதா, செங்குத்துப் பாறை இருக்கிறதா என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து விடிகாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

போன மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி இரண்டு பையன்கள் மாட்டிக்கொண்டார்கள். ஏறிய வழியை விட்டு நாலு அடி தள்ளி இறங்க ஆரம்பித்தவர்கள், பாதியில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் கேட்டுப் போனது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். அவர் கயிறு எதுவும் கொண்டு போகவில்லை. "ஷூவைக் கழட்டி இடுப்புல கட்டிக்க தம்பி. கறுப்புல கால வைக்காத, வெள்ளையிலேயே வா. பாறையப் பாத்துத் திரும்பிக்க, ஊரப் பாக்காத" என்று சொல்லிச் சொல்லியே இறக்கிக் கொண்டுவந்தார். மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து பாசி பிடித்த தடம்தான் அவர் சொன்ன கறுப்பு. காய்ந்திருக்கும்போது அது ஒன்றும் செய்யாது. லேசாக ஈரம் பட்டால் போதும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காலணியும் நிற்காது. பக்கத்திலேயே வெளிறிய பாறை சொரசொரப்பாக இருக்கும், வெறுங்காலுக்கு நன்றாகப் பிடி கொடுக்கும்.

இந்த அறிவு எந்தப் பலகையிலும் இல்லை.

தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி என்று ஒழுங்கு செய்திருக்கிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து குத்திராயன் சிகரமும் அய்யூர் சாமஏரியும் அதில் இருக்கின்றன. நல்ல விஷயம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாநிலம் இது, அந்த ஒழுங்கு தேவைதான். ஆனால் வார இறுதிக் கூட்டத்தில் பெரும்பகுதி காட்டுக்குள் போவதில்லை. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கோட்டை மலைகளில்தான் ஏறுகிறது. ராயக்கோட்டைக் கோட்டையும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். நினைவுச்சின்னம் என்ற முறையில் இவற்றைக் கவனிக்கத் துறை உண்டு. மலை என்ற முறையில் கவனிப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

தரம் பிரிப்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. கிலோமீட்டரையும் உயரத்தையும் மட்டும் வைத்து நம் பாறைகளை அளந்தால் எல்லாமே எளிது என்றுதான் வரும். தூரம் அவ்வளவு குறைவு. சூளகிரி பக்கத்து மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்களை, எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டவர் வீடு என்று சொல்வார்களே, அவைதான். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், பாறை அவ்வளவு சாது. ஆனால் காலை பத்தரைக்கு மேல் ஒதுங்க நிழல் கிடையாது. ஏப்ரலில் பதினொரு மணிக்குப் பாறையில் கை வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். மேலிருந்து வெயில், கீழிருந்து அனல். பிப்ரவரியில் எளிதாக இருந்த பாதை அங்கே மே மாதம் கடினம். கோடை மழை நாளில் அதைவிட மோசம். மத்தியானத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இறங்கும்போது மொட்டைப் பாறையில் உயரமாக நிற்கும் ஒரே பொருள் மனிதன்தான்.

கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கும் சையத் பாஷா மலை இன்னொரு மாதிரி. படிகள் இருப்பதால் ஏறுகிறவர்களுக்குத் தைரியம் வந்துவிடும். மேலே தர்காவுக்கு வயதானவர்களும் போகிறார்கள். அந்தப் பாதையை விட்டு விலகினால் மலையின் சுயரூபம் தெரியும். திப்பு சுல்தானோடு நடந்த போரில், 1791 நவம்பரில் பிரிட்டிஷ் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்த கையோடு மேல்கோட்டைக்குள்ளும் நுழையப் பார்த்தது. மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகளுக்கு முன்னால் நிற்க முடியாமல் திரும்பியது. பாரமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி பிரிட்டிஷார் கைக்கு வந்தது திப்புவோடு செய்துகொண்ட மறுவருட உடன்படிக்கையால்தான். ஆள் ஏற முடியாத இடம் என்று பார்த்துத்தான் அங்கே கோட்டையே கட்டினார்கள். அதே இடத்தில் இன்று செல்ஃபி எடுக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், இறங்கும் திசைக்கு அம்புக்குறி. உச்சியிலிருந்து அடிவாரம் வரை, ஓர் அடையாளத்தில் நின்றால் அடுத்தது கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கோட்டைச் சுவரிலோ பழைய படியிலோ ஒரு சொட்டுப் பெயின்ட்கூட வேண்டாம். வெறும் பாறையில், தொல்லியல் துறை எப்படி அனுமதிக்கிறதோ அப்படி. காதலர்கள் தங்கள் பெயரை ஆயில் பெயின்ட்டில் எழுதிவைத்த அளவில் நூறில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். 108-ஐக் கூப்பிடுகிறவர் "மலை மேல ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்துல இருக்கோம்" என்று சொன்னால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? "ராயக்கோட்டை, பதினாலாம் நம்பர்" என்று சொன்னால் தீயணைப்பு வீரர் நேராக வந்து நிற்பார். எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்பதையும் அந்த எண்ணோடு எழுதிவிடலாம்.

அடிவாரப் பலகையில் வரலாறு நாலு வரி இருக்கட்டும். அதற்கு மேலே, பெரிய எழுத்தில், தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்: நிழல் எங்கே முடிகிறது, கை ஊன்ற வேண்டிய இடம் எது, மழை பெய்தால் எந்தப் பக்கம் போகக் கூடாது, கோடையில் எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும். சுனைத் தண்ணீர் குடிக்கலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு வைத்திருக்கும் காலத்தில் அந்தப் பக்கத்தை அடைத்துவிடுங்கள். புகையும் சென்ட் வாசனையும் அதைக் கிளப்பிவிடும், செங்குத்துப் பாறையில் ஓடவும் முடியாது. புதர் உள்ள சரிவில் கரடி நடமாட்டம் உண்டு என்பதும் பலகையில் இருக்க வேண்டிய செய்திதான். இருட்டுகிற நேரத்தில் இறங்குபவர்களுக்கு அது தெரியாது.

ஒரு விண்ணப்பமும் உண்டு. இந்த மடலைப் படித்துவிட்டு, பாதுகாப்பு என்ற பெயரில் மலை முழுக்க சிமென்ட் படியும் இரும்புக் கைப்பிடியும் போட்டுவிடாதீர்கள். தர்காவுக்குப் போகும் பாதை எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும், அங்கே கைப்பிடி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். மற்ற இடங்களில் கடினமான வழி கடினமாகவே இருக்கட்டும். அது கடினம் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும், போவதா வேண்டாமா என்று அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

அடையாளம் வைக்கும் இடங்களைத் தேர்ந்தெடுக்க வெளியூர் நிறுவனத்துக்கு டெண்டர் விட வேண்டாம். அடிவார ஊர்களில் ஆடு மேய்ப்பவர்களைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, கூடவே நடந்து பாருங்கள். கோடையில் ஒரு முறை, மழை விட்ட மறுநாள் ஒரு முறை. விருப்பமுள்ள இளைஞர்களுக்கு முதலுதவியும் கயிறு கட்டும் பயிற்சியும் கொடுத்து, ட்ரெக் தமிழ்நாட்டில் இருப்பது போல வழிகாட்டிகளாக அடையாள அட்டை கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

பள்ளி விடுமுறைக் கூட்டம் தொடங்குவதற்கு முன் ராயக்கோட்டை ஒன்றிலாவது இதைச் செய்து பார்க்கலாம். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் காலை ஐந்தரைக்கே வந்துவிடுங்கள், எட்டு மணிக்குள் இறங்கிவிடலாம். கூட நடக்க நானும் வருகிறேன், அந்தப் பெரியவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ராயக்கோட்டைக்காரன் ஒருவன்