சர்ச்சில் பாதையால் யாருக்கும் நட்டமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வணிகப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. "பாவனை குறைந்த கிளைப் பாதைகளைப் பெரிய ரயில் நிறுவனங்கள் சின்ன நிறுவனங்களுக்கு விற்றுவிடுவது எல்லோருக்கும் நல்லது, இதில் நட்டப்படுபவர் எவருமில்லை." கட்டுரையின் மிச்சமெல்லாம் பங்கு விலை பற்றியது, அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில், கனடாவின் மனிற்றோபா மாகாணத்தின் வடக்கிலுள்ள சர்ச்சில் என்ற துறைமுக ஊரின் ரயில் நிலையப் படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்த ஊரில் என்ன நடந்தது என்று கட்டுரை முழுக்கத் தேடினேன், ஒரு சொல் இல்லை. நான் அங்கே ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்தவன், தண்டவாளம் வெள்ளத்தில் போன நேரமும் அங்கேதான் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. மனிற்றோபாவின் த பா என்ற ஊரிலிருந்து ஹட்சன் விரிகுடாக் கரை வரைக்கும் 800 கிலோமீற்றருக்கு மேல் சதுப்பிலும் உறைநிலத்திலும் போட்ட பாதை அது, 1929இல் முடித்தார்கள். பாதையை வைத்திருந்த கனடியன் நேஷனல் ரயில் நிறுவனம், அதாவது சிஎன், அரசாங்கத்தின் சொத்தாக இருந்த மட்டும் அந்தப் பாதை லாபமா நட்டமா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1995 நவம்பரில் சிஎன்னைத் தனியாருக்கு விற்றார்கள், அடுத்த வருடம் வந்த போக்குவரத்துச் சட்டம் கிளைப் பாதைகளைக் கைகழுவுவதைச் சுலபமாக்கியது, 1997இல் சர்ச்சில் பாதை டென்வரிலுள்ள ஒம்னிட்ராக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. துறைமுகமும் அதே கைக்குத்தான் போனது.

"பாவனை குறைந்தது" என்று எழுதுகிறீர்களே, குறைத்தது யார்? மற்ற இடங்களில் ஓடும் கனமான புதிய தானியப் பெட்டிகளை அந்தப் பாதை தாங்காது, தாங்குகிறமாதிரிப் பலப்படுத்த ஒருவரும் காசு போடவில்லை. மேற்கு விவசாயிகளின் கோதுமையை விற்கும் ஏகபோக உரிமையோடு கனடியக் கோதுமைச் சபை இருந்த காலத்தில் சர்ச்சிலுக்கு வந்த தானியத்தில் பெரும்பகுதி அவர்களுடையது. 2012இல் அந்த உரிமையை ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, எடுத்துவிட்டது. வன்கூவரிலும் தண்டர்பேயிலும் சொந்தக் கிடங்கு வைத்திருக்கிற கொம்பனிகள் எதற்காக வடக்கே அனுப்பப் போகின்றன? 2016 ஜூலையில் துறைமுகத்தில் தானிய ஏற்றுமதியை நிறுத்தி, வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு கணக்கைப் பார்த்து, பாவனை இல்லை என்று சொல்வது நியாயமா?

அப்புறம் 2017 மே மாதம் வெள்ளம் வந்தது. ஏறத்தாழ 20 இடங்களில் பாதை அறுந்தது. திருத்துவது தனக்குக் கட்டுபடியாகாது என்றது நிறுவனம், அது நிறுவனத்தின் கடமை என்றது ஒட்டாவா. கடைசியில் விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனது. சர்ச்சிலுக்குத் தெரு இல்லை. 900 பேர் அளவிலான ஊர் 17 மாதத்துக்கு மேல் ரயில் இல்லாமல் இருந்தது. வீடுகளைச் சூடாக்கும் புரோப்பேன் ரயிலில்தான் வரும், அந்த இலையுதிர்காலம் அதைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கித்தான் குளிரைக் கடத்தினார்கள். மற்றச் சாமான் எல்லாம் விமானத்தில். எங்கள் சமையலறைக்கு வரும் முட்டைப் பெட்டியைத் திறந்தால் பாதி உறைந்து கோது வெடித்திருக்கும். வெடித்ததை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எண்ணிப் பெட்டி மூடியில் எழுதிவைத்து, அதைப் பார்த்துத்தான் அடுத்தநாள் காலைச் சாப்பாட்டை முடிவுசெய்வோம். சலாட் இலை ஓரமெல்லாம் கறுத்து வரும், அதற்கும் முழு விலைதான். எங்களோடு பாத்திரம் கழுவிய அம்மா ஒருவர் ஆதிகுடிப் பெண், மகள் தொம்சனில் பிள்ளை பெற்றிருந்தாள். முன்பென்றால் ரயில் ஏறிப் போயிருப்பார். விமானத்துக்குக் கொடுக்க அவரிடம் காசில்லை, பேரப்பிள்ளையைக் கைத்தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். நட்டப்பட்டவர் எவருமில்லை என்று உங்கள் கட்டுரையாளர் அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

லாக் மெகாந்திக் என்ற கியூபெக் ஊரையும் விட்டுவிட்டீர்கள். அந்த ஊர் வழியாகப் போகும் பாதையும் ஒருகாலத்தில் சிபியுடையது, அதாவது கனடியன் பசிபிக் என்ற மற்றப் பெரிய ரயில் நிறுவனத்துடையது, 90களின் நடுவில் விற்றது. வாங்கியவர் முறிந்து, 2003இல் இன்னொருவர் வாங்கினார். 2013 ஜூலை 6ஆம் திகதி, மேட்டில் ஆளில்லாமல் நிறுத்திவைத்த 72 எண்ணெய்த் தாங்கிகள் கொண்ட ரயில் தானாக உருண்டு வந்து ஊர் நடுவில் தடம் புரண்டு எரிந்தது. 47 பேர் செத்தார்கள். அந்த ரயிலை அதுவரை ஓட்டிவந்தது ஒரேயொரு ஆள். விபத்துக்கு அடுத்த மாதமே கொம்பனி வங்குரோத்து மனு கொடுத்தது, அதனிடம் இருந்த காப்புறுதி 25 மில்லியன் டொலர்தான், ஊரைத் துப்புரவாக்கவே அது காணாது. 2019-20இல் சிபி அதே பாதையைத் திரும்ப வாங்கியது. வேண்டாம் என்று விற்ற பாதை, மற்றவர்கள் செத்த பிறகு, வேண்டிய பாதையாகிவிட்டது.

தண்டவாளம் போனால் ஊருக்கு என்ன ஆகும் என்று நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கு 1990இல் நின்ற ரயில் 2014 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. என் அப்பா கடைசி வரைக்கும் யாழ்தேவி வரும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் இருக்கும்போது அது வரவில்லை. அங்கே போர், இங்கே வியாபாரம், இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை அனுபவித்த வாசகர்களுக்கு எழுதுகிறவர் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம்.

விற்பதே பிழை என்பதும் என் கட்சியில்லை. சஸ்கற்சுவானின் தென்மேற்கில் சிபி விட்டுப்போன பாதைகளில் ஓடும் கிரேட் வெஸ்ரேர்ன் ரயில்வேயை 2004இல் உள்ளூர் ஆட்களே வாங்கி நடத்துகிறார்கள். சர்ச்சில் பாதையையும் 2018 ஓகஸ்டில் ஆர்க்ரிக் கேற்வே குழு வாங்கியது. வடக்கின் ஆதிகுடிச் சமூகங்களும், பிரேம் வட்ஸாவின் பெயர்பக்ஸ் முதலீட்டு நிறுவனமும், ரெஜைனாவிலுள்ள ஏஜிரி பருப்புக் கொம்பனியும் அதில் சேர்ந்திருந்தன. நாங்கள் வீட்டில் சமைக்கும் மைசூர்ப் பருப்பில் கணிசமானது அந்த சஸ்கற்சுவான் வயல்களில் விளைவதுதான். ஒட்டாவா 117 மில்லியன் டொலர் போட்டது, அக்டோபர் கடைசியில் முதல் சாமான் ரயில் வந்து சேர்ந்தது. 2021இல் தனியார் பங்குகளும் சமூகங்களின் கைக்குப் போயின. 2025 செப்டம்பரில் பிரதமர் கார்னி பெரிய திட்டங்களை அறிவித்தபோது, மேலும் ஆராயவேண்டியவற்றில் சர்ச்சில் துறைமுகத்தின் பெயரும் இருந்தது. பாதையின் கடைசியில் வாழ்கிறவர்களிடம் பாதையைக் கொடுத்தால் அவர்கள் விட்டுவிட்டு ஓட மாட்டார்கள். இதைத்தான் உங்கள் கட்டுரை எழுதியிருக்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அடுத்த 3 வருடத்தில் எந்தப் பாதையை விற்க அல்லது கைவிட நினைக்கிறோம் என்று பெரிய நிறுவனங்கள் பட்டியல் போட்டு இணையத்தில் பகிரங்கமாக வைக்கவேண்டும். வாங்க ஆள் வராவிட்டால் அரசுகளுக்கும் உள்ளூராட்சிகளுக்கும் பழைய இரும்பு விலைக்கு மேல் கேட்காமல் கொடுக்க முன்வரவேண்டும். ஊர் மக்களுக்கு இது தெரிய வரும்போது காலம் போய்விடுகிறது. அந்தப் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் வணிகப் பக்கத்தில் போடுங்கள். பங்கு விலைக்கு ஒதுக்கும் இடத்தில் கால்பங்கு போதும்.

அதோடு அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்திலென்றாலும் பரவாயில்லை. முன்பு முதியோர் பஸ் கட்டணம் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டித்தான் பிரசுரித்தீர்கள், அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது. இதையும் இடம் போதாமல் வெட்டவேண்டி வந்தால் என் சமையலறைக் கதையை வெட்டுங்கள். லாக் மெகாந்திக் பந்தியில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
வினிபெக்