புதிய காரின் சாவியை ஒப்படைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் விற்பனை நிலையங்களின் மேலாளர்களுக்கும், புதிய வண்டியை வாங்கியவர் கையில் ஒப்படைக்கும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

பணிமனையில் பிரேக் வேலை பார்ப்பவன் நான். நீங்கள் மெருகு குலையாமல் அனுப்பிவைத்த வண்டிகள் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் என்னிடம் வருகின்றன. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பெடல் காலுக்கடியில் அதிர்கிறது, சக்கரத்திலிருந்து சத்தம் வருகிறது என்று உரிமையாளர்கள் முறையிடுகிறார்கள். வண்டி புதிதாக இருந்தபோது முதல் சில நூறு கிலோமீட்டரை எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்பேன். அப்படி ஒரு கணக்கு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. இன்ஜினைப் பற்றியாவது உறவினரோ நண்பரோ ஏதோ சொல்லியிருப்பார். பிரேக்கையும் பழக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லியிருப்பதில்லை. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். சாவி கைமாறும் வேளையில் நீங்கள் சொல்லும் ஐந்து வாக்கியங்கள் செய்யும் வேலையை, கெட்ட பிறகு நான் சொல்லும் ஐம்பது வாக்கியங்கள் செய்யாது.

ஒப்படைக்கும்போது நீங்கள் நேரம் செலவிடுவதில்லை என்று குறை சொல்ல மாட்டேன். செல்பேசியைத் திரையோடு இணைத்துக் காட்டுகிறீர்கள், இருக்கையை ஏற்றி இறக்கிக் காட்டுகிறீர்கள், எல்லோரையும் நிற்க வைத்துப் படமும் எடுத்துக் கொடுக்கிறீர்கள். உரிமையாளர் கையேடு மட்டும் பிளாஸ்டிக் உறை பிரியாமலேயே டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போய்விடுகிறது. என்னிடம் வரும் வண்டிகளில் அந்த உறை ஒட்டியது ஒட்டியபடி இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்க்கவும், முதல் 1000 கிலோமீட்டருக்கு இன்ஜினை விரட்ட வேண்டாம் என்றும் பல உற்பத்தியாளர்கள் அதற்குள்தான் அச்சிட்டிருக்கிறார்கள். சில நிறுவனங்கள் இன்னும் கூடுதல் தூரம் சொல்கின்றன. எண் வண்டிக்கு வண்டி மாறும். காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அந்தக் காரணம் தெரிந்தவரால்தான் வாங்குபவரின் மனத்தில் படும்படி சொல்ல முடியும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; பிரேக் மிதித்தால் அதைக் கவ்விப் பிடிக்கும் உராய்வுக் கட்டைதான் பேட். புதிய டிஸ்க் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடைசல் கருவி விட்டுச்சென்ற மெல்லிய கோடுகள் அதன் முகமெங்கும் தெரியும். புதிய பேடும் கண்ணுக்குத்தான் சமதளம். டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தினால் சில இடங்களில் மட்டுமே படியும். காலால் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்தச் சில இடங்களில் இறங்கி, அவை மட்டும் அளவு மீறிச் சூடேறும். போதாததற்கு, பேடின் உராய்வுப் பொருளை இறுக்கி வைத்திருப்பது ஒரு வகைப் பிசின். கடும் சூட்டை முதன்முறையாகக் காணும்போது அது ஆவியை வெளிவிடும். அந்த ஆவி பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே புகுந்தால் பிடிமானம் சட்டென்று குறைந்துபோகும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. தொழிற்சாலையிலேயே சுட்டுப் பதப்படுத்திய பேடுகளில் இந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான தூரம் ஓடித்தான் ஆக வேண்டும்.

நிதானமாக ஓட்டி, முன்கூட்டியே காலை வைத்து, மிதமாகப் பிரேக் பிடித்துக்கொண்டு வந்தால் பேடிலிருந்து மிக மெல்லிய ஒரு படலம் டிஸ்க்கின்மேல் சீராகப் படிகிறது. கடைசல் கோடுகள் மங்கி, இரும்புக்குச் சாம்பல் நிறம் கலந்த ஒரே மாதிரியான பளபளப்பு வருகிறது. அதன்பின் பேட் வெறும் இரும்பில் மட்டும் உரசுவதில்லை, தன்னிலிருந்தே படிந்த பொருளின் மேலும் உரசுகிறது. பிரேக்கின் சீரான பிடிமானத்துக்கு இந்தப் படலம் மிக முக்கியம்.

இனி இதற்கு நேர்மாறாக நடப்பதைப் பாருங்கள். புது வண்டி என்ற உற்சாகத்தில் ஒருவர் வேகமாகப் போகிறார். சிக்னலைக் கண்டதும் அழுத்தமாக மிதித்து நிறுத்துகிறார். நிறுத்தியவர் காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு விளக்கு மாறும்வரை காத்திருக்கிறார். கொதிக்கும் பேட் டிஸ்க்கின் ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் மட்டும் பொருள் தடிப்பாக ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் திட்டு பேடுக்கடியில் வந்து போகும், ஒவ்வொரு முறையும் ஓர் உதறல் எழும். உரசி உரசி அந்த இடம் மேலும் சூடாகும், தடிப்பும் வளரும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு வேறுபாடே காலுக்குத் தெரிந்துவிடும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று வண்டியைக் கொண்டுவருகிறார்கள். உங்கள் சர்வீஸ் பிரிவிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருப்பார்கள். சூட்டால் டிஸ்க் வளைவது இவற்றில் அரிது. பெரும்பாலும் படலம் சீராகப் படியாமல் போனதுதான் கோளாறு. கடைசல் பிடித்தோ புது டிஸ்க் போட்டோ சரிசெய்யலாம். ஆனால் ஓட்டும் விதம் மாறாவிட்டால் அதே நடுக்கம் திரும்பி வரும்.

எனவே வாங்குபவரிடம் இப்படிச் சொல்லுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டியோடு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள். பிரேக்கை முன்னதாகவே தொடங்கி மிதமாகப் பிடியுங்கள். வேகத்திலிருந்து அழுத்தி நிறுத்த நேர்ந்துவிட்டால், சமதளத்தில் பெடலை இறுக அழுத்திக்கொண்டே நிற்காமல், வண்டி உருளாத அளவுக்கு மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இதோடு இன்னொன்றையும் விடாமல் சொல்ல வேண்டும்: ஆபத்து என்று வந்தால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, முழு பலத்தோடு மிதியுங்கள். பேடைக் காப்பாற்றப் போய் யாரும் முன்னால் நிற்பவர்மேல் மோதிவிடக் கூடாது.

பந்தயக்காரர்கள் செய்வதுபோல் தொடர்ந்து பத்துப் பதினைந்து முறை ஓங்கி மிதித்துப் பேடைச் சூடேற்றும் முறையைச் சிலர் எங்கோ கேள்விப்பட்டு வந்து உங்களிடம் விசாரிப்பார்கள். பந்தயப் பேடுகளின் கலவை வேறு, அதற்கான இடமும் வேறு. அன்றாடம் ஓடும் காருக்கு அதன் கையேடு சொல்வதே போதும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பற்றியும் பேச வேண்டும். இதில் எனக்கு ஆதங்கம் அதிகம். விற்கும்போது அதன் பெயரைச் சொல்லித்தான் விற்கிறீர்கள். அது வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்று மட்டும் காட்டுவதில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் தருணத்தில் அது பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தி இறுக்குகிறது. பெடல் காலை உதைப்பதுபோல் படபடக்கும், கீழிருந்து கடகடவென்று சத்தம் வரும். முன்பின் அனுபவிக்காதவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார். எடுக்கவே கூடாத நொடி அது. மிதித்த காலை மிதித்தபடியே வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகலாம் என்பதற்காகத்தான் அந்தக் கருவியே இருக்கிறது. புது வண்டியில் இதைச் செய்துகாட்ட வேண்டாம், அதன் பேட் இன்னும் பழகவில்லை. உங்களிடம் சோதனை ஓட்டத்துக்கென்று பழகிய வண்டி ஒன்று இருக்கிறதல்லவா? ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளியில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது, மிதமான வேகத்தில் ஒரே ஒரு முறை வாங்குபவரையே மிதிக்கச் சொல்லுங்கள். அந்தப் படபடப்பை ஒரு தடவை உணர்ந்த கால் பிறகு பயப்படாது.

பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர். புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் தேய்ந்த பிறகுதான் அதன் முழுப் பிடிமானமும் கிடைக்கும், ஈரச் சாலையில் இது இன்னும் முக்கியம். பேடும் புதிது, டயரும் புதிது என்றால் நிற்கும் தூரம் இரண்டு வழியிலும் கூடுகிறது.

இன்ஜினைப் பற்றி ஏற்கெனவே பலர் பேசுவதால் சுருக்கமாக எழுதுகிறேன். அதிலும் பாதிதான் சரியாகப் போய்ச் சேருகிறது. விரட்டாதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரேயடியாகத் தடவிக்கொடுப்பதும் கெடுதல் என்பது தெரிவதில்லை. சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டன் ரிங்கைச் சுவரோடு சேர்த்துத் தள்ளும்போதுதான் இரண்டும் உரசிப் பொருந்துகின்றன. அந்த அழுத்தம் உண்டாக இன்ஜினுக்கு மிதமான சுமை வேண்டும். நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடுவதும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவதும், உயர்ந்த கியரில் திணறத் திணற இழுப்பதும் அதற்கு உதவாது. வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்காதீர்கள், முதல் 1000 கிலோமீட்டர் இப்படிப் போகட்டும் என்று சொன்னால் போதும். கையேட்டில் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே இன்ஜின் ஆயிலை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சில தயாரிப்பாளர்கள் முதல் ஆயிலைக் காலம் முடியும்வரை வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

சாவி கொடுப்பதற்கு முன் உங்கள் பக்கத்தில் நடக்க வேண்டியவையும் உண்டு. கிடங்கில் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டிஸ்க்கில் துரு ஏறியிருக்கும். ஓர் இரவு மழையில் வரும் செம்படலம் முதல் சில பிரேக்கிலேயே போய்விடும், அதைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. நெடுநாள் நின்றதால் பேட் இருந்த இடத்தின் அச்சாக அரித்த துரு அப்படிப் போகாது. ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு சக்கரத்தின் ஊடாகவும் விளக்கடித்து டிஸ்க்கைப் பாருங்கள். அரித்திருந்தால் மாற்றிக் கொடுப்பது உங்கள் கடமை. தொழிற்சாலையிலிருந்து ஏற்றி அனுப்புவதற்காகக் கூடுதலாக நிரப்பிய டயர் காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். வீல் நட்டுகளை முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் சரிபாருங்கள். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு என்றிருந்தால் டிஸ்க் கோணி உட்கார்ந்து நடுக்கத்துக்கு அங்கேயே வித்திடும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் சர்வீஸ் பிரிவினருக்கு ஒரு வேண்டுகோள். டாட் 3, டாட் 4 வகை ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீத ஈரம் சேர்ந்த நிலையில் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 பாகைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் கொதிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகிக் குழாய்க்குள் குமிழியிட்டால், மிதித்த பெடல் தடையில்லாமல் தரைவரை போய்விடும். திரவத்தை அழுத்தினால் விசை போய்ச் சேரும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்லிப் பல கையேடுகள் எழுதுகின்றன. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று வாடிக்கையாளர் தயங்கும்போது இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் இறங்கும், சில சமயம் கசிவாலும் இறங்கும். எது என்று பார்க்காமல் நிரப்பினால் வண்டி கொடுத்த எச்சரிக்கையை நாமே மறைத்தவர்கள் ஆவோம். இறக்கங்களில் கியரைக் குறைத்து இன்ஜினின் இழுப்பால் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் சொல்லிக் கொடுங்கள். தானியங்கி கியர் வண்டி வாங்குபவர்களில் பலர் அதில் இது முடியாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மின்சாரக் கார் விற்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் அவற்றில் பேடும் டிஸ்க்கும் அதிகம் தொட்டுக்கொள்வதில்லை. படலம் படிய நாளாகும், துரு சீக்கிரம் பிடிக்கும். பழகு காலம் முடிந்தபின் அவ்வப்போது, பின்னால் வண்டி இல்லாத இடத்தில், பெடலைச் சற்று அழுத்தமாக மிதித்துப் பேடுக்கு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். பேட் தேயவே இல்லை என்று பெருமையாகச் சொல்லி விற்கும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. பழகு காலத்துக்கான தூரத்தையும் செய்ய வேண்டியதையும் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒற்றைத் தாள் ஒன்றை ஓட்டுநரின் கண்ணெதிரே வையுங்கள். கையேட்டின் உறையை உங்கள் கையாலேயே பிரித்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். ஏபிஎஸ் ஒத்திகைக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் சர்வீஸுக்கு வண்டி வரும்போது கழுவித் துடைப்பதோடு நின்றுவிடாமல் ஒருவர் ஓட்டிப் பார்த்து, பிரேக் எப்படி இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். புது பேட் மாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இதே அறிவுரை மறுபடி தேவை, அப்போதும் பேட் புதிதுதான். அந்தத் தாளை அச்சிட எந்த நிலையமாவது முன்வந்தால், அதற்கான வாசகத்தை உங்கள் வண்டியின் கையேட்டை வைத்து எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரேக் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்