இரண்டு மூச்சு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. புது வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்ததில் சந்தோஷம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்ததை சரோஜாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம், தினமும் பயிற்சி செய்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடியற்காலையில் அரை மணி நேரம் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் பாட்டு கேட்கட்டும் என்று கார்த்தி ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய். பரண் சாமான்களைப் பிரிக்கும்போது பழைய புல்லாங்குழல் கிடைத்தது, துடைத்து மறுபடி உறையில் வைத்துவிட்டேன், வாத்தியார் வாசிப்பு எனக்குக் கடைசி வரை வரவில்லை, அதனால்தானே விட்டேன் என்று. அந்த வரி ஒரு வாரமாக என்னை விடவில்லை. இப்போது தினமும் கேட்கிற ஓர் ஆல்பத்துக்கும் அந்த வரிக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆல்பத்தின் பெயர் ‘கோல்மன் ஹாக்கின்ஸ் என்கவுன்ட்டர்ஸ் பென் வெப்ஸ்டர்’. என்கவுன்ட்டர் என்றதும் நமக்கு வேறு நினைப்பு வரும். இங்கே சந்திப்பு என்றுதான் அர்த்தம். இரண்டு பேரும் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள், இருவர் வாத்தியமும் டெனர் சாக்ஸபோன். 1957 அக்டோபர் 16ஆம் தேதி ஹாலிவுட்டில் கேபிடல் ஸ்டுடியோவில் பதிவானது. ஹாக்கின்ஸுக்கு அப்போது 52 வயது, வெப்ஸ்டருக்கு 48. பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சன், கிடாரில் ஹெர்ப் எல்லிஸ், பேஸில் ரே பிரவுன், டிரம்ஸில் ஆல்வின் ஸ்டோலர். தயாரித்தவர் வெர்வ் என்கிற ரெக்கார்டு கம்பெனி நடத்திய நார்மன் கிரான்ஸ். கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்காரவைக்கிற அரங்கில் கச்சேரி கிடையாது என்று கறாராக இருந்த மனிதர் அவர்.

ஹாக்கின்ஸ் யார் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அவர் 1920களில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் பேண்டில் சேர்ந்தபோது டெனர் சாக்ஸபோனை வேடிக்கைச் சத்தம் எழுப்பும் கருவியாகத்தான் பலரும் பார்த்தார்கள். அதைக் கனமான, பேசுகிற குரலாக மாற்றியவர் அவர். 1939இல் மூன்று நிமிஷத்துக்கு ‘பாடி அண்ட் சோல்’ வாசித்து ரெக்கார்டு கொடுத்தார். அதில் பாட்டின் மெட்டு தொடக்கத்தில் கொஞ்சம் தலைகாட்டுவதோடு சரி. மீதியெல்லாம் அடியில் ஓடுகிற கார்டுகளை, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கிற அடுக்குகளை, பிடித்துக்கொண்டு அவராகவே கட்டிக்கொண்டு போவது. அப்படி ஒன்று ஜனங்களிடம் அமோகமாக விற்றது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

வெப்ஸ்டர் கான்சாஸ் சிட்டிக்காரர். ஊமைப் படங்களுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர், பிறகு சாக்ஸபோனுக்கு வந்தார். 1933 கடைசியில் ஹெண்டர்சன் பேண்டோடு ஹாக்கின்ஸ் கான்சாஸ் சிட்டிக்கு வந்தபோது உள்ளூர்ப் பையன்கள் அவரை ஒரு கிளப்பில் மடக்கினார்கள். வெப்ஸ்டர், லெஸ்டர் யங், ஹெர்ஷல் எவன்ஸ் எல்லோரும் மாறி மாறி வாசித்தார்களாம். பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் பின்னால் இதை விவரித்திருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு ஜன்னல் வலையை யாரோ சுரண்டுகிற சத்தம். எழுந்து பார்த்தால் வெப்ஸ்டர் நிற்கிறார். பியானோக்காரர்கள் எல்லோரும் களைத்துவிட்டார்கள், நீ வந்து வாசி என்று கூப்பிட வந்திருக்கிறார். மேரி லூ போய்ப் பார்க்கும்போது ஹாக்கின்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு வாசித்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வருஷம் ஹாக்கின்ஸ் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். காலியான நாற்காலிக்கு லெஸ்டர் யங்கைக் கூப்பிட்டார்கள். சேகர், இந்த இடத்தை நிறுத்திப் படி. ஹெண்டர்சனின் மனைவி தினமும் காலையில் யங்கை எழுப்பி உட்காரவைத்து, ஹாக்கின்ஸ் ரெக்கார்டுகளைப் போட்டு, இப்படி வாசிக்கக் கூடாதா என்று கேட்பாராம். யங்கே சொன்னது இது. அவருடைய தொனி மெலிசு, கனமில்லாதது. சில மாதங்களில் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் வெப்ஸ்டர். ஏனென்றால் அந்தக் காலத்தில் அவர் வாசிப்பு அச்சு அசல் ஹாக்கின்ஸ் சாயல்.

வெப்ஸ்டர் தன் குரலைக் கண்டுபிடித்தது அதற்கப்புறம்தான். 1940இல் டியூக் எலிங்டன் பேண்டில் சேர்ந்து மூன்று வருஷம் இருந்தார். அங்கே ஆல்டோ சாக்ஸபோன் (டெனரைவிடச் சிறியது) வாசித்த ஜானி ஹாட்ஜஸ் ஒரு சுரத்தைப் பிடித்து, அதை மெல்ல இழைத்து, கனிய விடுகிற விதத்தைப் பக்கத்தில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவான பாட்டுகளில் வெப்ஸ்டருக்குப் பின்னால் வந்த குழைவில் ஹாட்ஜஸின் பங்கு பெரிது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒரே வாத்தியம், யார் வாசிப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீ கேட்பாய். முதல் நாள் எனக்கும் குழப்பமாக இருந்தது. மூன்றாம் நாள் சந்தேகமே இல்லை. வெப்ஸ்டர் வாசிக்கும்போது சுரத்துக்கு முன்னால் காற்று வரும். உங்கள் பாட்டி ஊதாங்குழலை வாயில் வைத்து அடுப்பு ஊதுவார்களே, அது நினைவிருக்கிறதா? முதலில் ‘ஃபூ’ என்று மூச்சு, அப்புறம் தீ குப்பென்று பிடிக்கும். அதே மாதிரிதான். சுரம் முடிந்த பிறகும் மூச்சு கொஞ்ச தூரம் நடுங்கிக்கொண்டே போய்க் கரையும். ஹெட்போனில் கேட்டால் காதுக்குப் பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவது போலவே இருக்கிறது. ஹாக்கின்ஸிடம் அந்தக் காற்று அவ்வளவாகக் கிடையாது. அவர் சுரம் கெட்டியாக, விளிம்போடு வந்து விழும். ஒவ்வொரு கார்டிலும் ஏறி, இறங்கி, அதன் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். வெப்ஸ்டர் அதே இடத்தில் நாலே சுரம் வாசித்துவிட்டு மீதியைச் சும்மா விட்டுவிடுவார்.

‘புளூஸ் ஃபார் யோலாண்ட்’ என்று ஒன்று. அதில் ஹாக்கின்ஸ் ஒரு கட்டத்தில் உறுமி, அலறி, சுரத்தையே கிழிக்கிற மாதிரி வாசிக்கிறார். ஐம்பதைத் தாண்டிய பெரியவரிடம் அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ‘லா ரோசிட்டா’வில் இருவரும் ஒரே மெட்டை ஆளுக்கொரு சுரத்தில் இணைத்து வாசிக்கிறார்கள். கோயிலில் ஜோடி நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே இரண்டு குழலும் ஒன்றாகி ஒரே நாதமாகக் கேட்க வேண்டும், அதுதான் அழகு. இங்கே ஒட்டி வாசிக்கும்போதும் இருவரும் தனித்தனியாகவே தெரிகிறார்கள். கெட்டியான குரல் ஒன்று, அதன் மேல் புகை மாதிரி படர்கிற குரல் ஒன்று. அந்தச் சில நொடிகளுக்காக அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

ஒரு காலத்தில் விடிய விடியப் போட்டி போட்ட இருவர், இந்த ரெக்கார்டில் ஒரு தடவைகூட ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கவில்லை. எனக்கு அதற்குக் காரணம் இப்படித்தான் படுகிறது: வெப்ஸ்டர் 1934இல் இருந்தபடியே நின்றிருந்தால் ஹாக்கின்ஸ் பக்கத்தில் நின்று வாசிக்க அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது. நிழல்தானே விழுந்திருக்கும்? தன் மூச்சு இது என்று தெரிந்த பிறகு வந்ததால், தன்னை உருவாக்கியவருக்குப் பக்கத்திலேயே பயமில்லாமல் நிதானமாக வாசிக்க முடிந்தது.

அதனால்தான் உன் வரி என்னை உறுத்தியது. வாத்தியார் வாசிப்பு உனக்கு வரவில்லை, உண்மை. நான் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவர் வாசிப்பு அருவி மாதிரி பொழியும். நீ வாசித்தால் ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவில் நின்று மூச்சு எடுப்பாய், அந்த இடைவெளியில் தெருச் சத்தம் கேட்கும், பிறகு மறுபடி தொடங்குவாய். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்ததும் கோயம்புத்தூர் வருகிறேன். சரோஜாவும் வருகிறாள், பேத்திக்கு ஒரு பாவாடை தைத்து வைத்திருக்கிறாள். ஹெட்போனையும் எடுத்து வருகிறேன், மொட்டை மாடியில் உட்கார்ந்து நீயும் கேள். குழலை உறையிலிருந்து எடுத்து வெளியே வை. அவ்வளவு வருஷம் பரணில் கிடந்திருக்கிறது, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மூர்த்தி