இலவச அலைவரிசைகளுக்கு ஒரு குறியீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேபிள், டிஷ் இணைப்புகளை விட்டுவிட்டு இணையவழிச் செயலிகளுக்கு மாறினால் வீட்டுச் செலவு வெகுவாகக் குறையும் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இணைப்பைத் துண்டித்து ஓராண்டுக்கு மேலாகிவிட்ட குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் அந்தக் கருத்தோடு என்னால் பாதிதான் உடன்பட முடிகிறது. துண்டித்தால் பணம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் துண்டித்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த மிச்சம் கையில் நிற்கும். எங்கள் வீட்டில் முதல் நான்கு மாதங்கள் ஒன்றும் நிற்கவில்லை.

நடந்தது இதுதான். செட்-டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்த அதே வாரத்தில், விளையாட்டுக்காக ஒன்று, பிள்ளைகளின் கார்ட்டூனுக்காக ஒன்று, தொடர்களுக்காக ஒன்று, உறவினர் ஒருவர் ஏதோ ஒரு தொடரைப் புகழ்ந்தார் என்பதற்காக இன்னொன்று என நான்கு ஓடிடி செயலிகளுக்குச் சந்தா கட்டினோம். அவை போதாதென்று, படம் நின்று நின்று ஓடுகிறதே என்று இணைய இணைப்பையும் வேகம் கூடிய திட்டத்துக்கு மாற்றினோம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பழைய மாதக் கட்டணத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. வாசல் வழியாக வெளியே அனுப்பிய பேக்கேஜ் கொல்லைப்புறமாகத் துண்டு துண்டாகத் திரும்பி வந்திருந்தது.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தோம். தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் ஒரு நாற்பது பக்க நோட்டையும் நூலில் கட்டிய பென்சிலையும் வைத்து, யார் எதைப் பார்த்தாலும் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று எழுதிவைக்க வேண்டும் என முடிவு செய்து ஒரு மாதம் ஓட்டினோம். என் தாயார் நாள் தவறாமல் ‘செய்தி, 7 மணி, அரை மணி நேரம்’ என்று எழுதினார். மகனோ தான் எழுதியதைப் பாதி நாள் அழித்துவைத்தான். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, நான்கு செயலிகளில் இரண்டை அந்த மாதம் எவரும் திறக்கவே இல்லை என்பது தெரிந்தது. அதைவிட வியப்பான செய்தி, நாங்கள் பார்த்த நேரத்தில் பாதிக்கும் மேல் செய்திகளும், நேரலைகளும், பொது ஒளிபரப்பு அலைவரிசைகளின் நிகழ்ச்சிகளுமாக இருந்ததுதான். அவை காற்றில் இலவசமாக வந்துகொண்டிருந்தவை. அவற்றைத்தான் நாங்கள் பணம் கட்டி இணையத்தின் வழியே இறக்கிக்கொண்டிருந்தோம்.

கட்டணத் தொலைக்காட்சியின் பிறப்பே இந்த இலவச அலைகளை வீட்டுக்குக் கொண்டுசேர்த்ததில்தான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஆரிகன் போன்ற மாநிலங்களில், மலை மறைத்ததாலோ தொலைவு காரணமாகவோ ஒளிபரப்பு சரிவர எட்டாத ஊர்களில், உயரமான ஓரிடத்தில் பொது ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். மக்கள் கொடுத்தது கம்பிக்கான கூலியே தவிர நிகழ்ச்சிக்கான விலை அல்ல. நிகழ்ச்சிக்கே மாதச் சந்தா என்ற முறை, 1972இல் எச்பிஓ என்ற கட்டண அலைவரிசை தொடங்கிய பிறகுதான் வேர்பிடித்தது. எங்கள் வீட்டைச் சுற்றி மலையும் இல்லை, குன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகளும் கம்பிக்கூலி மட்டும் தவறாமல் கட்டிவந்திருக்கிறோம்.

ஆன்டெனா என்றதும், மாடியில் காகம் உட்கார்ந்து வளைந்துபோன அலுமினியக் குழாய்களும், ‘இப்போ தெரியுதா?’ என்று மேலிருந்து கேட்கும் குரலும், புள்ளி புள்ளியாக மழை பெய்யும் திரையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் காலம் பல நாடுகளில் முடிந்துவிட்டது. நெதர்லாந்து 2006லும், அமெரிக்கா 2009லும், பிரிட்டன் 2012லும் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி முழுமையாக டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. டிஜிட்டல் முறையில், முன்பு ஒரே ஓர் அலைவரிசை அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் பல அலைவரிசைகளை அனுப்ப முடியும். சமிக்ஞை போதுமான அளவு கிடைத்துவிட்டால் படம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்; கிடைக்காவிட்டால் சதுரம் சதுரமாகச் சிதறி உறைந்துபோகும். மங்கலாகவாவது பார்த்துக்கொள்ளலாம் என்ற நடுநிலை இதில் இல்லை. ஆகவே ஆன்டெனாவை ஓரடி நகர்த்துவதுகூட எல்லாம் வருவதற்கும் ஒன்றும் வராததற்கும் இடையிலான வேறுபாடாக இருக்கக்கூடும்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறேன். ஆன்டெனாவைப் பெட்டிக்குப் பின்னால் சுவரோடு சாய்த்துவைத்தபோது மூன்று அலைவரிசைகள் கிடைத்தன. ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னலுக்கு மேல் ஆணியடித்து மாட்டிய பிறகு, ரிமோட்டில் மீண்டும் ‘தேடு’ பொத்தானை அழுத்தியதும் எண்ணிக்கை பதினேழானது. இரும்புக் கம்பிவலை, ஃப்ரிட்ஜ், ரவுட்டர் ஆகியவற்றின் அருகிலிருந்து தள்ளி வைப்பதும், வயரைத் தேவைக்கு மேல் நீளமாக விடாமலிருப்பதும் நல்லது. டிஜிட்டல் தொலைக்காட்சி பெரும்பாலும் 470 மெகாஹெர்ட்ஸ் முதல் மேலே செல்லும் அதிர்வெண்களில் வருவதால், அரையலை ஆன்டெனாவின், அதாவது அலைநீளத்தில் பாதி அளவுள்ள ஆன்டெனாவின், நீளம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பெரிய குழாய்க் கூண்டு தேவைப்படுவது கோபுரத்திலிருந்து வெகுதொலைவில் இருப்பவர்களுக்குத்தான். ஆன்டெனா வரும் அட்டைப்பெட்டியின்மேல் ‘4கே டிஜிட்டல் ஆன்டெனா’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அலையைப் பிடிக்கும் உலோகத்துக்கு அனலாக்கும் தெரியாது, டிஜிட்டலும் தெரியாது. சரியான அதிர்வெண்ணுக்கு ஏற்றதாக இருந்தால் பழைய ஆன்டெனாவே போதும். கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்கள் சமிக்ஞையைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி மாட்டினால் சமிக்ஞை அளவுக்கு மீறி, வந்துகொண்டிருந்த படமும் கெட்டுப்போகலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் ஒளிபரப்புக்கு எல்லா நாடுகளிலும் ஒரே தொழில்நுட்ப முறை இல்லை; வட அமெரிக்கா ஏடிஎஸ்சி முறையையும், ஐரோப்பாவும் வேறு பல நாடுகளும் டிவிபி-டி, டிவிபி-டி2 முறைகளையும், ஜப்பானும் பிரேசிலும் ஐஎஸ்டிபி முறையையும் பின்பற்றுகின்றன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தொலைக்காட்சிப் பெட்டியில் உள்நாட்டு ஒளிபரப்பு வராமல்போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதற்கென ஒரு சிறு ரிசீவரைத் தனியாக இணைத்துக்கொண்டால் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. தரைவழி ஒளிபரப்பு எட்டாத இடங்களில் கட்டணமில்லாச் செயற்கைக்கோள் சேவை கைகொடுக்கும். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோளை நோக்கி டிஷ்ஷை ஒருமுறை சரியாகத் திருப்பிவைத்தால் போதும். இந்தியாவில் 2004 முதல் இயங்கிவரும் டிடி ஃப்ரீ டிஷ், பிரிட்டனில் 2008இல் தொடங்கிய ஃப்ரீசாட் ஆகியவை இந்த வகையின. இவற்றுக்கு டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் செலவு உண்டே தவிர மாதச் சந்தா கிடையாது.

இதில் எனக்குத் தனிப்பட்ட நிம்மதி ஒன்று உண்டு. செயலிகளுக்கு மாறியிருந்த மாதங்களில், செய்தி பார்ப்பதற்காக என் தாயார் பெட்டியைப் போட்டு, செயலிகளின் வரிசை வரும்வரை காத்திருந்து, அம்புக்குறியை நகர்த்தி, ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று திரை கேட்கும் கேள்விக்குப் பேரனின் படத்தை அழுத்திவிட்டு, கார்ட்டூன்களுக்கு நடுவே திகைத்து உட்கார்ந்திருப்பார். இப்போது ரிமோட்டில் ஓர் எண்ணை அழுத்துகிறார், செய்தி வந்துவிடுகிறது. மாற்று வழிகளைப் பரிந்துரைக்கும் கட்டுரைகள் வீட்டிலுள்ள முதியவர்களை ஏனோ கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இணையத்தின் வழியே பார்ப்பதற்கும் அதற்குரிய கணக்கு இருக்கிறது. எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய 3 ஜிபி வரை டேட்டா செலவாகும். ஒரு திரையில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 270 ஜிபி ஆகிவிடும். வரம்புள்ள திட்டத்தில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் கேபிளைத் துண்டித்தால், அங்கே மிச்சமானது இங்கே போய்விடும். சிறிய திரைகளுக்குச் செயலியின் அமைப்பில் தரத்தைக் குறைத்து வைத்தால் மணிக்கு 1 ஜிபியோடு முடியும். வேகத்தைப் பொறுத்தவரை, முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. ஆகவே விற்பனையாளர் கேட்கிறார் என்பதற்காக நூறுக்கும் இருநூறுக்கும் தாவ வேண்டியதில்லை. நேரலை விளையாட்டு பார்ப்பவர்கள் இன்னொன்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். செயலியில் வரும் நேரலை, ஒளிபரப்பைவிடப் பல விநாடிகள் பிந்தியே வரும். மேல்வீட்டாரின் ஆரவாரம் கேட்ட பிறகுதான் எங்கள் திரையில் ஆட்டக்காரர் ஓடவே தொடங்குவார்.

திரைப்படங்களும் தொடர்களும் அவசரம் இல்லாதவை. எனவே ஒரே நேரத்தில் பல சந்தாக்களை வைத்திருப்பதை நிறுத்திவிட்டு, ஒரு மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுக்கத் தொடங்கினோம். பார்க்க வேண்டியவற்றை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவருகிறோம். ஒரு செயலியின் பெயருக்கு நேரே நான்கைந்து சேர்ந்த பிறகே அதற்கு ஒரு மாதச் சந்தா. பணம் கட்டிய அன்றே அடுத்த மாதத்துக்கான தானியங்கிப் புதுப்பித்தலை ரத்து செய்துவிடுகிறோம். பெரும்பாலான செயலிகளில் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். ஆண்டுச் சந்தா மலிவு என்ற ஆசைக்கு நான் இடம் கொடுப்பதில்லை, ஏனென்றால் பத்து மாதம் திறக்காத கடைக்குப் பன்னிரண்டு மாத வாடகை கொடுப்பது எந்தக் கணக்கிலும் மலிவாகாது. உறவினரின் கடவுச்சொல்லை நம்பித் திட்டமிடுவதும் இனி உதவாது. நெட்ஃபிளிக்ஸ் 2023இல் பல நாடுகளில் வீட்டுக்கு வெளியே கணக்கைப் பகிர்வதற்குக் கட்டுப்பாடு விதித்துவிட்டது. பழைய படங்களை விரும்புவோருக்கு, காப்புரிமைக் காலம் முடிந்த படங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. சில நாடுகளில் பொது நூலக உறுப்பினர் அட்டை இருந்தாலே கானோபி போன்ற சேவைகளில் படம் பார்க்கலாம்.

எல்லா அலைவரிசைகளும் கிடைக்கும், ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்று விற்கப்படும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை உரிமம் இல்லாமல் திருடித் தருபவை. ஒருநாள் காலையில் திரை இருண்டுபோனால் கேட்பதற்கு ஆள் இருக்காது. வீட்டு வைஃபையில் இன்னார் செய்தது என்று தெரியாத பெட்டியைச் சேர்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

துண்டிப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இணைப்புத் தர ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் ஓடிவந்த நிறுவனம், அதை நிறுத்தச் சொன்னபோது என்னை நான்கு பேரிடம் மாற்றி மாற்றிப் பேசவைத்தது. ஒவ்வொருவரும் முந்தையவரைவிடச் சற்றுக் கூடுதலான தள்ளுபடியோடு வந்தார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இரண்டு மாதங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டது. பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை நான் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்தப் பணம் திரும்பக் கிடைத்தது. ஆகவே பெட்டியைக் கொடுக்கும்போது அதன் வரிசை எண்ணோடு ரசீது வாங்குவதும், வங்கியில் கொடுத்த தானியங்கி அனுமதியை நாமே நேரடியாக ரத்து செய்வதும் கட்டாயம் என்பேன்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது தங்களிடம் வைக்க விரும்பும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழ் நாள்தோறும் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் கட்டண அலைவரிசைகளும் கட்டணமில்லாதவையும் வேறுபாடின்றி அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. எங்கள் வீட்டில் ஒரு மாதம் நோட்டில் எழுதிக் கண்டுபிடித்ததை, ஆன்டெனாவிலோ இலவசச் செயற்கைக்கோளிலோ கிடைக்கும் அலைவரிசைகளின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு நட்சத்திரக் குறியிட்டு, பட்டியலின் அடியில் ஒற்றை வரியில் அதை விளக்கினால் வாசகர்கள் காலையில் காப்பி ஆறுவதற்குள் கண்டுகொள்வார்கள். வாரம் ஒருமுறை, ஞாயிறு பட்டியலிலாவது இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்