செயலாளர் ஆண்டறிக்கை, 2025: சர்ச்சில் எலிவேட்டர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கனடாவின் வின்னிபெக்கில் இயங்கும் நம் வரலாற்று வட்டத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. பிப்ரவரிக் கூட்டம் மட்டும் பனிப்புயலால் ஒரு வாரம் தள்ளிப்போனது. புது உறுப்பினர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள்; பாதிப் பேர் இளைஞர்கள் என்பதில் தலைவருக்குத் தனி மகிழ்ச்சி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஹால் வாடகை ஏறிய கதை கடைசியில் வருகிறது.

ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்து அதையே துருவிப் பார்ப்பது நம் வழக்கம். ஹட்சன் விரிகுடா ஓரத்தில் சர்ச்சில் துறைமுகத்தில் நிற்கும் தானிய எலிவேட்டரை, அதாவது ரயிலில் வரும் தானியத்தை மேலே ஏற்றிச் சேமித்துக் கப்பலில் இறக்கும் கிடங்கை, இந்த முறை எடுத்தபோது, “ஒரு கான்கிரீட் கிடங்கைப் பற்றி வருஷம் முழுக்கப் பேச என்ன இருக்கிறது?” என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள்தான் பிறகு ஒரு கூட்டம்கூட விடாமல் வந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் கூட்டங்கள் ரயிலைப் பற்றியவை. மேற்கு கனடாவின் பிரெய்ரி என்ற புல்வெளிச் சமவெளி விவசாயிகளுக்குக் கிழக்கே போகும் ரயில் கம்பெனிகள் மீதும் தானிய வியாபாரிகள் மீதும் தீராத மனத்தாங்கல் இருந்தது. கிழக்கே மான்ட்ரியால் துறைமுகம் வரை ரயிலிலும் ஏரியிலும் இழுத்துச் செல்வதற்குப் பதில் நேரே வடக்கே விரிகுடாவுக்குக் கொண்டுபோனால் தரைப்பயணம் வெகுவாகக் குறையும். அங்கிருந்து லிவர்பூலுக்கான கடல்தூரமோ மான்ட்ரியாலில் இருந்து போவதைவிடப் பெரிதாக அதிகமாகாது. வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்த எவருக்கும் இது புரிந்தது. ஆனால் பாதை போடுவது தேர்தலுக்குத் தேர்தல் வந்து போகும் வாக்குறுதியாகவே இருந்தது.

முதலில் தேர்ந்தெடுத்த இடம் சர்ச்சில் இல்லை. தெற்கே நெல்சன் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள போர்ட் நெல்சன். 1913-ல் அங்கே வேலை தொடங்கியது. வண்டல் படிந்து ஆழமில்லாத முகத்துவாரம் அது. கரையோரம் கப்பல் வராது என்று தெரிந்ததும் ஆற்றுக்குள் ஒரு செயற்கைத் தீவையே எழுப்பி, கரையிலிருந்து 17 கண் கொண்ட இரும்புப் பாலம் கட்டினார்கள். அப்புறம் முதல் உலகப் போர் வந்தது, பணமும் ஆளும் போயின, வேலை நின்றது. தீவும் பாலமும் ஆளில்லாமல் இன்றும் அங்கே கிடக்கின்றன. 1920-களில் விவசாயிகளின் ஆதரவு இல்லாமல் தலைநகர் ஒட்டாவாவில் ஆட்சி நடக்காது என்ற நிலை வந்தபோதுதான் ரயில் பேச்சு மறுபடி உயிர் பெற்றது. 1927-ல் பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடரிக் பால்மர் இரண்டு இடங்களையும் பார்த்து, பாறைக்கரையும் ஆழமும் உள்ள சர்ச்சிலே சரி என்று சொன்னார். கிட்டத்தட்ட போர்ட் நெல்சனை எட்டப் போன பாதை அதன்பின் வடக்கே திரும்பியது. கடைசிப் பகுதியில், உறைந்து கெட்டியாகியிருந்த தரைமேலேயே குளிர்காலத்தில் தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டு போய் 1929-ல் சர்ச்சிலைத் தொட்டார்கள்.

பாதை தொடங்கும் ‘த பா’ ஊரிலிருந்து சர்ச்சில் வரை சுமார் 820 கிலோமீட்டர். பாதிக்கு மேல் சதுப்பும், அடியில் நிரந்தரமாக உறைந்த மண்ணும். கோடையில் மேல்மண் இளகினால் தண்டவாளம் அலை அலையாகக் கிடக்கும். இந்த அறிக்கையில் பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இந்த மண்ணே காரணம்.

எலிவேட்டர் 1931-ல் தயாரானது. கொள்ளளவு 25 லட்சம் புஷல் (புஷல் என்பது தானிய அளவை). பிறகு விரிவாக்கி 50 லட்சமாக, அதாவது ஏறக்குறைய 1,40,000 டன்னாக ஆக்கினார்கள். 1931 செப்டம்பரிலேயே ‘ஃபார்ன்வொர்த்’, ‘வார்க்வொர்த்’ என்ற இரு கப்பல்கள் கோதுமை ஏற்றிக்கொண்டு பிரிட்டனுக்குப் புறப்பட்டன. நேரம்தான் சரியில்லை, உலகப் பொருளாதார மந்த காலம் அது. 1932 டிசம்பரில் வின்னிபெக் சந்தையில் ஒரு புஷல் கோதுமை 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. அதே 1932-ல் ‘பிரைட் ஃபேன்’ என்ற கப்பல் ஹட்சன் நீரிணையில் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. ஆட்கள் பிழைத்தார்கள், கோதுமை போனது. இன்ஷூரன்ஸ்காரர்கள் இந்த வழியை உற்றுப் பார்க்க அதுவே போதுமானதாக இருந்தது.

எல்லாரும் அதிகம் ரசித்தது ஏப்ரல் கூட்டத்தைத்தான். தானியப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர், எலிவேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். நம் ஊர்க் குதிரில் மேலே கொட்டிக் கீழே துளை வழியாக எடுப்போமே, அடிப்படை அதேதான் என்று ஆரம்பித்தார். ரயில் பெட்டியிலிருந்து தானியம் தரைக்கு அடியில் உள்ள குழியில் விழும். அங்கிருந்து, முடிவில்லாத பட்டையில் வரிசையாகக் கோத்த வாளிகள் அதை அள்ளிக்கொண்டு உச்சிக்கு ஏறும். அந்தச் செங்குத்து ஏற்றத்துக்குத் தொழிலாளிகள் வைத்திருக்கும் பெயர் ‘லெக்’. உச்சிக்குப் போனபின் மோட்டார் வேலை குறைவு, புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். எடை போடும் தொட்டி, சல்லடை, பிறகு எந்தத் தொட்டிக்கு எந்தத் தரம் என்று திருப்பிவிடும் குழாய். கப்பல் வந்ததும் தொட்டியின் அடியைத் திறந்தால், பெல்ட்டில் ஓடி, துறைமேடை நெடுக உள்ள மேல்நடை வழியாகப் போய், குழாயில் இறங்கிக் கப்பலின் அடித்தளத்தில் விழும்.

பிறகு அவர் பழைய மூடுபெட்டிகளைப் பற்றிச் சொன்னார். தென்பகுதியில் அடிப்புறம் திறக்கும் பெரிய ஹாப்பர் பெட்டிகள் வந்து வெகுகாலம் ஆன பிறகும், இந்த இளகிய மண் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதால் சர்ச்சிலுக்கு 1990-கள் வரை மூடுபெட்டிகளிலேயே தானியம் போனது. சாதாரணச் சரக்குப் பெட்டிதான். கதவு திறப்பில் உள்பக்கமாகப் பலகை அடித்து அடைத்து, மேலே மட்டும் இடைவெளி விட்டுத் தானியத்தை ஊற்றுவார்கள். போய்ச் சேர்ந்ததும் அந்தப் பலகையைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பெட்டியை அப்படியே கவ்விப் பிடித்து, பக்கவாட்டில் சாய்த்து, பிறகு இந்த முனையைத் தூக்கி, அந்த முனையைத் தூக்கிக் கொட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. அதை அவர் இரண்டு கையாலும் ஒரு சாக்பீஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினார். உள்ளே கிடந்த சாக்பீஸ் துண்டெல்லாம் முன்வரிசையில் விழுந்தது.

மே மாதக் கூட்டத்தில்தான் வாக்குவாதம். துறைமுகம் தள்ளாடியதற்குக் குளிரும் பனியுமே காரணம் என்பது பொதுவான பேச்சு. உறுப்பினர்கள் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன், தலைவருக்கு முழு உடன்பாடு இல்லையென்றாலும் இங்கே எழுத அனுமதித்திருக்கிறார்.

கப்பல் வரும் காலம் ஏறக்குறைய ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. பிரெய்ரியில் அறுவடையே ஆகஸ்ட், செப்டம்பரில்தான். புதுத் தானியத்தை அறுத்து, பெட்டியில் ஏற்றி, அந்த மெதுவான பாதையில் வடக்கே அனுப்பி முடிப்பதற்குள் கடல் உறைய ஆரம்பித்துவிடும். ஆக, முதல் கப்பல்களுக்குப் போவது பெரும்பாலும் போன வருஷத்துத் தானியம். அது குளிர்காலம் முழுக்க எலிவேட்டரிலோ வேறெங்காவதோ காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் தானியம் முடங்கிய பணம். அதற்கு வட்டி உண்டு. சர்ச்சிலின் கேள்வி எப்போதும் இதுதான்: அந்தக் காத்திருப்பை யார் சுமப்பது?

பல பத்தாண்டுகள் அதைச் சுமந்தது கனடிய கோதுமை வாரியம். 1943-லிருந்து மேற்கு கனடாவின் கோதுமையை வெளிநாட்டுக்கு விற்கும் ஏகபோக உரிமை அதனிடம் இருந்தது. எந்தத் துறைமுகம் வழியாக எவ்வளவு என்று அது முடிவு செய்தால் போதும், சர்ச்சிலுக்கும் ஒரு பங்கு வரும். 2012 ஆகஸ்டில் அந்த உரிமை முடிவுக்கு வந்தது. தனியார் கம்பெனிகளுக்கு வான்கூவர், தண்டர் பே துறைமுகங்களில் சொந்த எலிவேட்டர்கள். தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு யார் அடுத்த தெருவில் சமைப்பார்கள்? அரசு ஐந்து ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலர் ஊக்கத்தொகை ஒதுக்கியது. அதை நம்பிச் சில கப்பல்கள் வந்தன, அவ்வளவுதான்.

இதற்கிடையே 1997-ல் அரசு துறைமுகத்தை அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த ஆம்னிட்ராக்ஸ் என்ற ரயில் கம்பெனிக்கு விற்றிருந்தது. ரயில் பாதையும் அவர்கள் கைக்கே போனது. 2016 ஜூலையில் அந்த ஆண்டுத் தானியப் பருவம் ரத்து என்று அறிவிப்பு வந்தது, தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் வெள்ளம் வந்து பல இடங்களில் பாதையை அரித்துக்கொண்டு போனது. சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் அந்த ஊருக்குப் பால், காய்கறி உட்பட எல்லாம் விமானத்திலும், கோடையில் கப்பலிலும் போக வேண்டியதாயிற்று. சுமார் ஒன்றரை ஆண்டு இப்படிப் போனது. 2018 ஆகஸ்டில் ஆர்க்டிக் கேட்வே என்ற கூட்டமைப்பு துறைமுகத்தையும் பாதையையும் வாங்கியது. அக்டோபர் கடைசியில் சரக்கு ரயில் மறுபடி ஊருக்குள் வந்தது. 2019-ல் தானியக் கப்பலும் புறப்பட்டது. 2021-லிருந்து முழு உரிமையும் முதற்குடி மக்களிடமும் வடபகுதி ஊர்களிடமும் இருக்கிறது. பாதையைச் சீராக்கும் வேலைக்காகத் தானியம் மறுபடி நின்றது. 2024-ல் ஏற்றப்பட்டது துத்தநாகத் தாது.

ஒரு கூட்டம் எலிவேட்டரை விட்டு விலகிப் போனது, விலகியதே நல்லது. 1956-ல் அரசு சயிசி டெனே என்ற முதற்குடி மக்களை அவர்களுடைய காரிபூ மான் வேட்டை நிலத்திலிருந்து பெயர்த்துச் சர்ச்சிலில் கொண்டுவந்து போட்டது. வேட்டையும் இல்லை, சரியான வீடும் இல்லை, ஏராளமானோர் இறந்தார்கள். 1973-ல் மிஞ்சியவர்கள் தாங்களாகவே கிளம்பி டடூல் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மத்திய அரசு 2016 ஆகஸ்டில் மன்னிப்புக் கேட்டது. துறைமுகம் மூடிய செய்தி நாடு முழுக்க ஓடிய அதே கோடையில் நடந்த இது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது.

ஆகஸ்டில் சுற்றுலா. வின்னிபெக்கிலிருந்து ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவு ரயில். வழியில் உள்ள தாம்சன் ஊரைத் தாண்டியதும் வண்டி நடைவேகத்துக்கு வந்துவிடும். ஜன்னலில் மரங்கள் குட்டையாகி, ஒருபக்கம் மட்டும் கிளை வைத்தவையாகி, பிறகு இல்லாமலே போய்விடும். எலிவேட்டருக்குள் போக அனுமதியில்லை, வேலிக்கு இப்பால் நின்றே பார்த்தோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். சுவரில் உப்புக்காற்று தின்ற இடங்களில் சிமென்ட் உதிர்ந்து உள்கம்பியின் துரு கீழ்நோக்கி வழிந்திருந்தது. அதற்கு முன்னால் ஆற்று முகத்தில் வெள்ளைப் பெலுகா திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாக. எதிர்க்கரையில் 18-ஆம் நூற்றாண்டுக் கல்கோட்டை. கரடி வரும் என்று துப்பாக்கியோடு வந்த வழிகாட்டியைப் பார்த்ததும் குழந்தைகளுக்கு எலிவேட்டர் மறந்தே போனது.

இனி நிலுவையில் உள்ளவை. செப்டம்பரில் மத்திய அரசு பெருந்திட்டங்களுக்கான தன் பரிசீலனையில் சர்ச்சில் விரிவாக்கத்தையும் சேர்த்தது. ஆதரித்துக் கடிதம் எழுத வேண்டும் என்று சிலரும், வரலாற்று வட்டத்துக்கு அது வேலையில்லை என்று சிலரும் சொன்னதால் விஷயம் இன்றைய கூட்டத்துக்கு வருகிறது. எழுதுவதானால் குளிர்காலத் தானியத்துக்கு யார் பணம் போடுவார்கள் என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கலாம் என்பது என் யோசனை. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்து இப்போது வின்னிபெக்கில் வசிக்கும் முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்ய இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். ரெக்கார்டர் வாங்கப் பொருளாளரின் ஒப்புதல் தேவை.

ஹால் வாடகை: ஜனவரியிலிருந்து நூலகத்தின் சிறிய அறைக்கு மாறலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அங்கே டீ போட முடியாது, பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வெளியே போகுமுன் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இங்ஙனம்,
செயலாளர்