புடமிடுகிறவர் உட்கார்ந்திருக்கிறார்

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உனக்கு வேலை போன செய்தியைவிட, ஜெபக்கூட்டத்தில் ஒருவர் வேதத்திலுள்ள மல்கியா தீர்க்கதரிசியின் 3ஆம் அதிகாரத்தைக் காட்டி, உன்னிடம் மறைவான பாவம் இருப்பதால் தேவன் உன்னை நியாயந்தீர்க்கிறார் என்று சொன்னதுதான் என்னை அதிகம் வருத்தியது. வெள்ளியைப் புடமிடுகிறவரைப்போல, அதாவது உருக்கிச் சுத்திகரிக்கிறவரைப்போல, கர்த்தர் உட்காருவார் என்று அங்கே எழுதியிருக்கிறது. நாற்பது வருடம் தட்டானாக உலை முன் உட்கார்ந்தவன் என்ற முறையில், அந்த அதிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்கு உரிமை உண்டு.

வெள்ளி உருக ஏறக்குறைய 962 டிகிரி வெப்பம் வேண்டும். ஈயமோ 327 டிகிரியிலேயே உருகிவிடும். கலப்பு வெள்ளியோடு ஈயத்தைச் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த குழியில் வைத்துக் காற்றூதி உருக்கினால், ஈயம் வெந்து, செம்பு முதலிய கலப்பையும் இழுத்துக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கும். முடிவில் ஒரு கணம் பளீரென மின்னி வெள்ளி மட்டும் நிற்கும். அதற்கு முன்பே எடுத்தால் கலப்பு மிஞ்சிவிடும் என்பதால், இடையில் எழுந்துபோக முடியாது. புடமிடுகிறவர் உட்கார்ந்திருப்பார் என்று மல்கியா எழுதியதை வாசிக்கும்போதெல்லாம், அவர் இந்த வேலையை அருகில் நின்று பார்த்தவர் என்றே தோன்றும். (உருகிய வெள்ளியில் தட்டான் தன் முகத்தைக் காண்பான் என்று பிரசங்கங்களில் சொல்வது வசனத்தில் இல்லை.)

ஆனால் அந்த நெருப்பு வருவது யார்மேல்? குருடும் ஊனமுமான மிருகங்களைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த ஆசாரியரின் வம்சமாகிய லேவியின் புத்திரர்மேல். 5ஆம் வசனத்திலோ, கூலிக்காரனின் கூலியையும் விதவைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தரே சாட்சியாக வருகிறார். கடைசி மாதச் சம்பளம் தரப்படாமல் அனுப்பப்பட்ட நீ அந்த வசனத்தில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதை அந்தச் சகோதரர் கவனிக்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று ஆண்டவராகிய இயேசுவே சொல்லியிருக்கிறார்.

துன்பம் நம்மைச் சுத்திகரிக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது தானாக நடந்துவிடாது. எரேமியா 6ஆம் அதிகாரத்தில் துருத்தி வெந்து, ஈயமும் அழிந்த பின்னும் பொல்லாப்பு நீங்கவில்லை. அந்த ஜனங்கள் தள்ளுபடியான வெள்ளி, அதாவது வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட வெள்ளி, எனப்பட்டார்கள். இந்த நாட்களில் உன்னிடம் கசப்பு மட்டும் தங்கிவிடக்கூடாது என்பதே என் ஜெபம்.

உனக்காக அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்தபோது, 5ஆம் வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. நீ சிறுமியாக இருந்தபோது நம் பட்டறையில் பொன்தூள் குறைந்தது என்று சந்தேகப்பட்டு, ஒரு வேலையாளின் இரண்டு மாதக் கூலியை நிறுத்திவைத்தேன். அந்தத் தூள் பிறகு அடுப்புச் சாம்பலிலேயே கிடைத்தும், வெட்கத்தால் மௌனமாக இருந்துவிட்டேன். போன வாரம் பணத்துடன் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அவருடைய மனைவி பணத்தை வாங்கி, எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, "அவர் திருடவில்லை என்று அப்போதே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்று சொன்னேன்.

அன்புடன்,
அப்பா