ஞாயிறு முதல் வீட்டிலேயே உடற்பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். அட்டனில் மழை விடுவதாக இல்லை. வெயிலுக்குக் காத்திருந்தால் வயிறுதான் வளரும். ஆகவே வரும் ஞாயிறு காலை 6.30க்கு அவரவர் வீட்டிலேயே தொடங்குகிறோம்.

1. வாரம் 5 நாள், 30 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வதும் வாரம் குறைந்தது 150 நிமிடம்தான். நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு இது வேண்டாம். தோளையும் இடுப்பையும் நீட்டி மடக்கினால் போதும்.
2. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல்: வாரம் 2 நாள்.
3. கோதுமை ரொட்டியைக் குறைத்து, பருப்பையும் வல்லாரைச் சம்பலையும் கூட்டுங்கள். தேநீருக்குச் சீனி பாதி.
4. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

சேருபவர்கள் சனி இரவு 8 மணிக்குள் பெயரை இங்கே பதியுங்கள். பூப்படங்கள் வேண்டாம், பெயர் மட்டும்.